மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அண்டா சோறு

பள்ளிக்கூடச் சாப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நான் ஓய்வு பெற்றுவிட்டவன். இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. ஆகவே கொஞ்சம் வாய்க்கொழுப்போடுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் புரதம், வைட்டமின், கை கழுவுதல் எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கை கழுவுவதை மட்டும் நம் இலாகாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பிரச்சினை வந்தாலும் மேலிருந்து கீழ்வரை எல்லோரும் அழகாகக் கழுவிவிடுவார்கள்.

வகுப்பில் சொல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன். சோறு வெந்து தயாராக இருக்கும். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும். அப்படி ஒரு மத்தியானம் உங்கள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு எந்தச் சுற்றறிக்கையும் கூட வராது, உங்கள் புத்திதான் வர வேண்டும்.

முதலில் சின்னதாக ஒன்று. பின்னாளில் என்னைச் சின்னக்கானல் பக்கம் எஸ்டேட் பள்ளிகளுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பவுடர் கரைத்த பால் கொடுத்தோம். அதன் வாடை பிடிக்காமல் பிள்ளைகள் அதைத் தேயிலைச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். செடிகள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு கைப்பிடி தேயிலைத்தூளைக் கொதிக்கவைத்துப் பாலில் கலக்கச் சொன்னேன். மறுநாளிலிருந்து வாளி காலியாயிற்று. மூணாறிலிருந்து ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி வாளிக்குள் எட்டிப் பார்த்து, பால் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார். "மலையில குளிரு ஜாஸ்தி சார், பாலு இப்படித்தான் ஆயிரும்" என்றார் அந்தப் பள்ளி வாத்தியார். அதிகாரி தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிள்ளைகள் குடித்தார்கள், எனக்கு அது போதும்.

இனி பெரிய கதை. எழுபதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய தமிழ்ப் பள்ளிகளின் மதியச் சாப்பாட்டை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகம் எனக்கு. கோபாலபுரத்தில் பெரிய செக்போஸ்ட் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வயல்களுக்கு நடுவே வண்டிப்பாதைகளும் பல இருந்தன. அப்படி ஒரு பாதையில் இருந்த பள்ளி இது, பெயர் வேண்டாம். பள்ளியிலிருந்து அரை மைல் கிழக்கே போனால் பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்த நாட்களில் அங்கிருந்து இங்கே நெல்லோ அரிசியோ வரக் கூடாது என்று தடை. தடையைக் காக்க ஒரு முக்காலியும் அதன்மேல் ஓர் ஏட்டும் இருந்தார்கள். ஏட்டு திருநெல்வேலிக்காரர். எங்கள் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊர்க்காரர்களும்தான்.

பள்ளியில் அப்போது போட்டது மஞ்சள் சோளமாவு உப்புமா. மாவு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. கப்பலில் வரும்போதே வண்டுகளும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடும். பிள்ளைகள் அந்த உப்புமாவை உருட்டிக் கோலி விளையாடியதை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்த மாவும் வராமல் நின்றது. எப்போது கேட்டாலும் லாரி கிளம்பிவிட்டது என்றே ஆபீசில் சொன்னார்கள். பூமியைச் சுற்றி வந்துகொண்டிருந்ததோ என்னவோ.

மூன்றாம் வகுப்பில் மயிலாத்தா என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போகிறவள். கணக்கிலும் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. உப்புமா நின்றதும் அவளும் நின்றுவிட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே பதில் சொன்னாள்.

"சோறு போட்டா அனுப்பறனுங்க சார். இல்லீன்னா பண்ணாடி ஊட்டு ஆட்டை மேய்க்க உட்டுருவனுங்க. அங்க ஒரு நேரங் கூழாச்சும் ஊத்துவாங்கொ. புஸ்தகத்தையாங்க திங்கறது?"

"ஒரு வாரம் பொறுங்கம்மா" என்றேன்.

"ஒரு வாரந்தானுங்க. அதுக்கு மேல ஆவாதுங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆட்டுக்குப் போன பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வந்ததை அந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை.

அந்த ஒரு வாரத்தில் நான் ஏறி இறங்காத படி இல்லை. கடைசியாகப் போனது ஊரில் பெரிய தோட்டத்துக்காரரிடம், கூலிக்காரர்கள் பண்ணாடி என்று கூப்பிடுகிறவரிடம். மீசையும் முதுகும் ஒரே மாதிரி விறைப்பாக இருக்கும். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் கிணறுகளெல்லாம் வற்றிக் கிடந்தன. ஆனால் அவருக்கு மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் பாயும் வயலும், வயலோரம் ஒரு சாளையும் இருந்தன. காவலுக்கும் அறுவடைக்கும் தங்குகிற வீட்டைச் சாளை என்போம். நான் கேட்கப் போனது கொஞ்சம் கத்திரிக்காய்.

"கத்திரிக்கா என்னத்துக்குங்க சார்? சோறே போடறேன். ஆனா அக்கட்டச் சாளையில ஆக்கித்தான் கொண்டாருவேன்."

"அரிசிக்குத் தடை இருக்குதுங்களே?"

"நெல்லுக்குத் தடை. அரிசிக்குத் தடை. சோத்துக்குத் தடைன்னு எந்தச் சர்க்காராச்சும் சொல்லியிருக்குதுங்களா?"

அவருடைய நெல் மூட்டைகளை அறுவடையின்போது ஏட்டு திருப்பி அனுப்பியிருந்தார். "என்ற வயலு, என்ற நெல்லு, என்ற மாடு. என்ற ஊட்டுக்குப் போறதுக்கு அந்தாளு வழி உட மாட்டானாமா" என்று அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏட்டின் மூக்குக்குக் கீழே அரிசியை ஏதாவது ஓர் உருவத்தில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பிள்ளைகள் ஒரு சாக்கு. எனக்கு அது தெரிந்தே இருந்தது, தெரிந்தே ஒப்புக்கொண்டேன். கருணையுள்ளவர் வரட்டும் என்று காத்திருந்தால் மயிலாத்தா ஆட்டின் பின்னால் போய்விடுவாள். வீம்புக்காரர் கொடுத்தாலும் வாங்கிப் போடுங்கள். பிள்ளைக்கு வயிறு ஒன்றுதான்.

முதல் நாள் மாட்டுவண்டியில் அண்டா வந்தது. ஏட்டு மூடியைத் திறந்தார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. பக்கத்துப் பாத்திரத்தில் பருப்புக் குழம்பு. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டிக் குழம்பில் ஒரு சொட்டு தொட்டு நக்கிப் பார்த்தார்.

"புளி தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டு மூங்கிலைத் தூக்கினார்.

அப்படித்தான் எங்கள் சாப்பாடு சீரடைந்தது. மயிலாத்தா திரும்பி வந்தாள். பாதி தின்பாள், மீதியைப் பாவாடை நுனியால் மூடி வீட்டுக்குத் தங்கைக்கு எடுத்துப் போவாள். பள்ளிக்குள்ளேயே தின்ன வேண்டும் என்பது விதி. நான் ஒன்றும் சொல்வதில்லை.

சில நாள் கழித்து என் மேலதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் ஒரு மாதத்தைக் கடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரிடமிருந்து கற்க ஒன்றுமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் ஹெட்மாஸ்டர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டுத்தான் கிளம்புவதாகச் சொன்னார். வண்டியைக் காணோம் என்று நான் மூங்கிலுக்கு நடந்தேன்.

வண்டி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தன.

"ஒரு அண்டா சோத்துக்கு மாடு இப்படி நொரை தள்ளுமா?" என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டே ஏட்டு பெரிய கரண்டியை அண்டாவுக்குள் விட்டார். அடியில் ஏதோ முட்டியது. சோற்றை ஒதுக்கி, வாழை இலையில் பொதிந்து துணி சுற்றிய பெரிய மூட்டையை வெளியே இழுத்தார். பிரித்தால் அரிசி. அண்டாச் சூட்டில் மேலே இருந்தது பாதி வெந்து பருத்திருந்தது, நடுவில் இருந்தது அப்படியே இருந்தது.

"இது அரிசியா சோறா? நீரே சொல்லும்."

"ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்காங்கொ" என்றார் தோட்டத்துக்காரர், எங்கோ பார்த்துக்கொண்டு. விருந்தாளிகளுக்கு அரிசியாம். இவ்வளவு நாள் நேர்வழியில் ஜெயித்தது அவருக்குப் போதவில்லை. தடையை மீறாமல் ஜெயிப்பதில் என்ன ருசி என்று தோன்றியிருக்கிறது.

ஏட்டுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று பார்த்தாலே தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "நான் நம்பித்தான வழி உட்டேன் சார்? என்னையக் கேனயன்னு நெனச்சிட்டியளா? இனிமே ஒரு பருக்கை இந்த மூங்கிலைத் தாண்டாது. அண்டா, குண்டா, கிண்ணி ஒண்ணும் போவாது."

தோட்டத்துக்காரரை அங்கேயே நான்கு வார்த்தை கேட்க என் நாக்கு துடித்தது. ஆனால் பள்ளியில் மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தாகிவிட்டது. இங்கே குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்று வெறும் வயிற்றோடு அனுப்பினால் மயிலாத்தாவின் அம்மா நாளைக்கு அனுப்ப மாட்டாள். சண்டை எங்கேயும் ஓடிப்போகாது தம்பிகளா, பிள்ளை ஓடிப்போகும். நாக்கை மடக்கிக்கொண்டு ஏட்டிடம் கேட்டேன்.

"ஏட்டையா, சோறு இங்கிருந்து அங்க போகக் கூடாது. பிள்ளைங்க அங்கிருந்து இங்க வரலாமுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளையளுக்கு ஏது தடை? வரட்டும். ஆனா இங்கனயே தின்னுட்டுப் போவணும். கொண்டு போவக் கூடாது."

பள்ளிக்கு ஓடினேன். ஹெட்மாஸ்டர் கேட்டதுமே வெளிறிப்போனார். "பள்ளி நேரத்துல பிள்ளைகளை வேற ஸ்டேட்டுக்குக் கொண்டு போறதா? ஒரு குட்டிக்கு என்னமாவது ஆச்சுன்னா என் ஜோலி போயிரும் சாரே." அவர் சொன்னது முழுக்கச் சரி. என் வேலையும் போயிருக்கும். மேலதிகாரியிடம் திரும்பினேன். நடந்ததை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"நான் இப்போ தூங்கிண்டிருக்கேன் ஆக்கும்" என்றார்.

"சார்?"

"எழுப்பினா வேண்டாம்னு சொல்ல வேண்டி வரும். என்னத்துக்கு எழுப்பறாய்?"

கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்ப் பாதைப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினார். கையெழுத்துப் போடுகிற மேலதிகாரிகள் நிறையப் பேர் கிடைப்பார்கள். நேரம் பார்த்துத் தூங்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் அவர் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். வேறு மாநிலத்துக்குப் போகிற குஷியில் பசிகூட மறந்துவிட்டது. மூங்கிலுக்கு அடியில் குனிந்து ஒவ்வொருவராக நுழைந்து, பாதையோரப் புளியமர நிழலில் பந்தி உட்கார்ந்தார்கள். ஏட்டு தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார். "கேஸு எழுதாம உடுதேன். ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் நீரே குனிஞ்சு பரிமாறணும்."

கூலிக்காரர் பிள்ளைகளுக்கு முன்னால் அந்த முதுகு வளைந்து ஊர் பார்த்ததில்லை. அன்று வளைந்தது. முதல் வரிசை முடிவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க பண்ணாடி" என்றாள் மயிலாத்தா, ஒரு பயமும் இல்லாமல். ஊற்றினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

தின்று முடித்து எல்லோரும் திரும்பினார்கள். கடைசியில் வந்த மயிலாத்தாவை ஏட்டு நிறுத்தினார். தட்டில் பாதிச் சோறு, மேலே பாவாடை நுனி.

"அது என்ன?"

"தங்கச்சிக்குங்க."

"கொண்டு போவக் கூடாது தாயி. இங்கனயே தின்னுரு."

"என்ற வவுறு நெறஞ்சு போச்சுங்க."

ஏட்டு தடுமாறினார். விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது முகத்தில் தெரிந்தது. அதற்குள் வண்டியிலிருந்து தோட்டத்துக்காரரின் குரல் வந்தது. குனிந்த முதுகுக்குப் பதில் கொடுக்க அவர் காத்திருந்தார் போலும். "ஒரு பருக்கை தாண்டாதுன்னீங்களே ஏட்டையா. அவ தட்டுல இருக்கறது என்னங்க, மண்ணுங்களா?"

அதன் பிறகு ஏட்டால் விட முடியவில்லை. எனக்கும் ஒரு வழியும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மயிலாத்தா தின்னவுமில்லை, தட்டை வைத்துவிட்டு நகரவுமில்லை. மூங்கிலுக்கு அந்தப் பக்கமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளியில் மணி அடித்தது. அவள் அசையவில்லை. ஏட்டு முக்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார்.

"ஒந் தங்கச்சி எங்க இருக்கா?"

"ஊட்லதானுங்க. பக்கத்தூட்டு அக்கா பாத்துக்கிட்டிருக்குதுங்க."

"ஓடிப்போய்த் தூக்கிட்டு வா. இங்க வச்சு ஊட்டு. அதுவரைக்கும் தட்டை நான் பாத்துக்கிடுதேன்."

"காக்கா வருமுங்க."

"காக்கா வந்தா வெரட்டுதேன். போ தாயி."

"கீழ வெச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இடது கையில் தட்டு, வலது கையில் லத்தி. வெயிலில் நின்றுகொண்டு அந்த மனிதர் காக்கை விரட்டினார். புளியமரத்துக் காக்கைகள் ஒரு போலீஸ்காரரை அதற்குமுன் அவ்வளவு இளக்காரமாக நடத்தியிருக்காது. தோட்டத்துக்காரர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். மயிலாத்தா மூச்சிரைக்கத் தங்கையை இடுப்பில் தூக்கி வந்து, மூங்கிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை ஊட்டினாள்.

நான் பள்ளிக்குத் திரும்பியபோது மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். "நன்னாத் தூங்கினேன். ஆனா நாளைக்கும் நேக்குத் தூக்கம் வரும்னு நெனைக்காதே, கேட்டயோ" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ருசி பார்க்க வந்தவர் ஒரு பருக்கை பார்க்காமல் பட்டினியாகப் போனார்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. நாளைக்குப் பிள்ளைகளை மூங்கிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது. சோறும் இந்தப் பக்கம் வராது. மயிலாத்தாவின் அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? காலையில் எழுந்ததும் ஏட்டின் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று போனேன்.

மூங்கிலைக் காணோம். நட்டிருந்த குழிகள் மட்டும் இருந்தன. பாதையில் கிழக்கே மேலும் நடந்தேன். புளியமரங்களைத் தாண்டி, தோட்டத்துக்காரரின் வயலையும் சாளையையும் தாண்டிப் போனால், ஒரு பெரிய ஆலமரத்தடியில் மூங்கில், முக்காலி, ஏட்டு. சாளை இப்போது தடுப்புக்கு எங்கள் பக்கம் வந்துவிட்டது.

"என்ன ஏட்டையா, தடுப்பு இங்க வந்துருச்சு?"

"அங்க ஒரே வெயிலு சார். இங்க நெழலு இருக்கு. இந்தப் பாதையில தடுப்பு போடணும்னுதான் உத்தரவு. எந்த மரத்தடியின்னு ஒண்ணும் சொல்லல." கொஞ்ச நேரம் லத்தியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள திரும்பி வாரதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு நாள் அப்படி நிக்க என்னால ஆவாது."

இனித் தோட்டத்துக்காரர் தன் நெல்லை மூட்டை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கேட்க ஆளில்லை. கொண்டுபோகவில்லையா என்று அவரிடமே கேட்டேன். "தடுக்கறதுக்கு ஆளில்லாமக் கொண்டு போறதுல என்னங்க சார் இருக்குது" என்றார், எதையோ பறிகொடுத்தவர் மாதிரி. ஆனால் அன்றைக்கும் அண்டா வந்தது. மாடுகள் நுரை தள்ளாமல் சாதாரணமாக நடந்து வந்தன.

மதியம் மயிலாத்தா வழக்கம்போலப் பாதி தின்றுவிட்டு எழுந்தாள். வாசலில் அவளை நிறுத்தினேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து அதில் வைத்தேன். இன்னொரு கரண்டியும் வைத்தேன்.

"போதுங்க சார், அவ சின்னப் புள்ளதானுங்க" என்றாள்.

"இது உங்கம்மாளுக்கு" என்றேன்.

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக நடந்து போனாள். அதன் பிறகு அவள் அம்மா ஆட்டைப் பற்றிப் பேசவே இல்லை.